உள்ளூர் அரசியல் பேசக்கூடாது

கன்னத்தில் நுரை ஏறி, மீசையோரம் வரைக்கும் வந்து, இனி வாயைத் திறந்தால் சோப்புதான் உள்ளே போகும் என்கிற நிலைமைக்கு ஆளைக் கொண்டுவந்த பிறகுதானா இந்த ஐயாத்துரை அதைச் சொல்ல வேண்டும்? பிரஷ்ஷை நாடிக்குக் கீழே ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, காதுப்பக்கம் குனிந்து, நாளைக்கு மழை வரும்போல இருக்கு என்கிற தோரணையில் சொன்னான், உலகநாதன் அண்ணாச்சி புதன்கிழமை ஓசூருக்குப் போறாகளாம்லா, இனி மகன் வீட்டோடதானாம், இங்க வீட்டைக்கூட வாடகைக்கு விட்டாச்சாம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே என்று. தெரிஞ்சிருக்குமாவது! தவசிமுத்துவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. என்னது என்று கேட்கத் திறந்த வாய்க்குள் பிரஷ் முனை போய்விட்டு வெளியே வந்தது. அசையாதீங்க அண்ணாச்சி என்றான் ஐயாத்துரை. அசையாமல் எப்படி இருக்க? கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, துணிக்குள்ளே இரண்டு கையும் சிறை, எதிரே கண்ணாடி, கண்ணாடிக்குள் நுரைக்கு மேலே முழிக்கிற இரண்டு கண், அந்தக் கண்ணுக்கும் பின்னால் பெஞ்சில் அந்த உலகநாதனேதான் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் தன் பங்குக்கு வந்த நடுத்தாளை விரித்துப் பிடித்திருந்தார். மூக்குக் கண்ணாடி மூக்கில் இல்லை, நெற்றியில் இருந்தது. அது நெற்றியில் இருந்தால் உலகநாதனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பது சங்கரன்கோவில் தெற்கு ரத வீதிக்கே தெரியும். ஆள் படிக்கவில்லை, சும்மா தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை. இன்றைக்கு ஞாயிறு. அப்படியென்றால் இதுதான் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பெஞ்சு, இந்தப் பேப்பர், இந்தச் சண்டை எல்லாவற்றுக்கும். கத்தி காதோரம் வைத்துக் கீழே இழுபட்டது, சரட்டென்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் தவசிக்கு எப்போதும் பிடிக்கும், இன்றைக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே, இங்கேயே, இந்த நுரையைத் துடைத்த கையோடு சொல்லிவிட வேண்டும். உலகு, நீ சொன்னதுதான் சரி. நாலே வார்த்தை. நாலு வார்த்தையைச் சொல்ல மனுசனுக்கு என்ன கேடு? வாயில் என்ன கொழுக்கட்டையா? ரெண்டு வருசமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டைவிட்டு இறங்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்குகிறார். திரும்பி வரும்போது அதற்கு நேர் எதிராகத் தொண்டை கிழியப் பேசிவிட்டு, சோடா குடித்துவிட்டு, சந்தோசமாக வருகிறார். இந்தச் சந்தோசம்தான் புரியவில்லை. பொய்யைப் பேசிவிட்டு வருகிறவனுக்கு எதற்கு இவ்வளவு பசி எடுக்கிறது, எதற்கு ரெண்டு தோசை கூடுதலாகப் போகிறது? பெண்டாட்டி பொன்னம்மாள் கேட்பாள், எந்த நாட்டைப் பிடிச்சிட்டு வந்தீக என்று.

பொன்னம்மாள்! அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்குமா? உலகு பெண்டாட்டி சரசுவும் இவளும் ஒரே குழாயடி, ஒரே மாவு மில், ஒரு வீட்டுப் புளிக்குழம்பு இன்னொரு வீட்டுக்குக் கிண்ணத்தில் போய்க் கிண்ணத்தில் வரும். புருசன்மார்கள் பேசுகிறார்களோ இல்லையோ, கிண்ணம் பேசிக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் ஒரு மாசமாகவே அவளுக்குத் தெரியும். காலையில் அந்தச் சாயம் போன சட்டையை எடுத்தபோது, இன்னைக்காவது நல்ல சட்டையைப் போட்டுட்டுப் போங்க என்றாளே, அதுதான் விஷயம். ஏன் சொல்லவில்லை என்று போய்க் கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தவசிக்குத் தெரியும். உங்களுக்குத்தான் உள்ளூர்ச் சமாச்சாரமே ஆகாதே, என்பாள். அவள் சொல்கிறதிலும் தப்பில்லை. எல்லாம் இந்த ஐயாத்துரை வைத்த போர்டு செய்த வேலை. கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், பச்சை பெயிண்டில், இங்கே உள்ளூர் அரசியல் பேசக்கூடாது. மற்ற சலூன்களில் அரசியல் பேசக்கூடாது என்று மொட்டையாக எழுதியிருப்பான். இவன் ஒருத்தன்தான் உள்ளூர் என்று சேர்த்து எழுதினான், பேச்சே இல்லாவிட்டால் பெஞ்சில் ஆள் உட்காராது என்று தொழில் தெரிந்தவன். எழுதினதற்குக் காரணம் இந்த ரெண்டு பேரும்தான். இருபது வருசத்துக்கு முந்தி ஒரு வார்டுத் தேர்தலில் உலகுவின் மச்சினன் ஒரு பக்கம் நின்றான், தவசியின் சித்தப்பா மகன் எதிர்ப்பக்கம் நின்றான். வாக்குவாதத்தில் உலகு அலமாரியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட, பழைய கண்ணாடி சட்டத்தை விட்டுக் கழன்று கீழே வந்து நொறுங்கியது. கடைசியில் மச்சினனும் ஜெயிக்கவில்லை, சித்தப்பா மகனும் ஜெயிக்கவில்லை, தையல் மிஷின் சின்னத்தில் நின்ற யாரோ ஒருத்தன் ஜெயித்துவிட்டுப் போனான். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே அந்தக் கூத்தாடி யாரென்றுகூட ரெண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிளில் டபுள்ஸ், பிறகு உலகு மின்வாரியத்தில் லைன்மேன், தவசிக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. நீ கூடக்குறைய கரண்ட் விட்டு மோட்டாரை எரி, நான் கட்டிப் பிழைச்சுக்கிடுதேன் என்று ஊர் முழுக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள். அவ்வளவு பேச்சும் ஒரு தட்டில் நின்றது.

கத்தி நாடி முனைக்கு வந்தது. ஐயாத்துரை ரெண்டு விரலால் மூக்கைப் பிடித்துத் தூக்கினான். இப்படி மூக்கைப் பிடித்துத் தூக்கும்போது கலெக்டரே வந்தாலும் கோமாளி மாதிரிதான் இருப்பார். கண்ணாடியில் உலகு இன்னும் அதே தாள், அதே பக்கம். அன்றைக்குக் கண்ணாடி உடைந்த பிறகு இரண்டு ஞாயிறு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் சவரம் பண்ணிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஞாயிறு டிவியில் அந்தச் சண்டை ஓடியது, இஸ்ரேலும் பாலஸ்தீனமும். குண்டு, புகை, ஓடுகிற ஜனம். உலகு பெஞ்சில் இருந்தபடி யாரிடம் என்று இல்லாமல், பாவம் பாலஸ்தீனக்காரன், எத்தனை காலம்தான் அடி வாங்குவான் என்று சொன்னார். அவ்வளவுதான், தவசிக்குள்ளே ஏதோ துள்ளிக் குதித்தது. அதெப்படி, இஸ்ரேல்காரனும் ஊர் ஊரா விரட்டப்பட்டு வந்தவன்தானே, அவன் எங்கே போவான், பஸ்ஸில் குண்டு வச்சா அவன் புள்ளையும்தானே சாகுது என்று கேட்டுவிட்டார். யோசித்துக் கேட்டதா என்றால் சத்தியமாக இல்லை. உலகு அன்றைக்கு இஸ்ரேல் பாவம் என்று சொல்லியிருந்தால் தவசி பாலஸ்தீனம் பாவம் என்று சொல்லியிருப்பார், விஷயம் அவ்வளவுதான். ஆனால் உலகு திரும்பிப் பார்த்தார். நேராகக் கண்ணைப் பார்த்தார். நீ என்ன பேசுத என்று கேட்டார். ஐயாத்துரை கத்தியோடு ஓடிவந்து, போர்டைப் பார்த்து, வெளிநாடு என்றால் பரவாயில்லை என்று திரும்பிப் போய்விட்டான். அப்படி ஆரம்பித்ததுதான். அதிலிருந்து இருவருக்கும் ஒரு வழக்கம் விழுந்துவிட்டது. வெளிநாடு பேசலாம், உள்ளூர் பேசக்கூடாது. உள்ளூர் என்றால் அரசியல் மட்டும்தானா? உலகுக்குச் சர்க்கரை வந்ததும் உள்ளூர்தானே, தவசி மகள் பேறுகாலத்துக்கு வந்ததும் உள்ளூர்தானே. அதையும் பேசாமல் விட்டார்கள். போர்டு எழுதினவனுக்கே இல்லாத அர்த்தத்தை இந்த ரெண்டு படித்த முட்டாள்களும் அதில் கண்டுபிடித்து, இருபது வருசமாக ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பேச்சு என்றால் அதுவல்லவா பேச்சு. காசா எங்கே இருக்கிறது, ரஃபா எந்தப் பக்கம், எந்த வருசம் யார் யாரோடு கைகுலுக்கினான், கைகுலுக்கிவிட்டு யார் கிள்ளினான், எல்லாம் இந்தப் பெஞ்சுக்கு அத்துப்படி. நம்ம ஊர்த் தண்ணித் தொட்டியை எந்த வருசம் கட்டினான் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. ஆரம்பத்தில் தவசி பக்கம்தான் கூட்டம். தவசி சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றிச் சொல்லுவார், பாலைவனத்தில் தக்காளி காய்க்கிறதைத் தானே போய்ப் பறித்துவிட்டு வந்த மாதிரி சொல்லுவார். உரக்கடை ராமசுப்புவெல்லாம் அப்படிப் போடுங்க அண்ணாச்சி என்று தொடையைத் தட்டுவான். உலகு தனியாள். உலகுக்குப் பேச வராது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சு, அதையேதான் இருபது வருசமும் சொன்னார்: மொதல்ல அடிய நிப்பாட்டு, நியாயத்தப் பொறவு பேசுவோம். தவசி கேட்பார், நியாயம் யாரு பக்கம்னு தெரியாம எவன் கையப் பிடிக்கச் சொல்லுத? உலகு சொல்லுவார், ரெண்டு பேரு கையையும் பிடி, எவன் ஓங்கியிருக்கானோ அவன் கைய மொதல்ல பிடி. இவ்வளவுதான் உலகு கட்சி. பெஞ்சு சிரிக்கும். தனியாளாக நின்று, ஆவேசமே இல்லாமல், தெருவில் ஃபியூஸ் போன கம்பத்தைப் பார்க்கிற மாதிரி நிதானமாக எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு உலகு திரும்பவும் அதையே சொல்லுவார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் தவசி வந்தாரா? சே, என்ன நினைப்பு இது. கத்தி கழுத்துக்குழியில் நிற்கும்போது இப்படியெல்லாம் நினைக்கலாமா? எச்சில் விழுங்கக்கூடாது. விழுங்கினால் தொண்டைமணி மேலே வரும், கத்தி கீழே வரும். விழுங்கக்கூடாது என்று நினைத்த உடனே வாயெல்லாம் எச்சில்.

ஐயாத்துரை ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்தான், எதிர்ச் சவரத்துக்கு. ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தவசி வாயெடுத்தார். அதற்குள் ராமசுப்பு ஆரம்பித்துவிட்டான். அவன் பெஞ்சின் அந்தக் கோடியில் முதல் தாளைக் கைப்பற்றி வைத்திருந்தான். இன்னும் எத்தனை நாளைக்கு இந்த அநியாயம் என்று தாளைத் தட்டினான். பச்சப் புள்ளைக கஞ்சிக்குக் கிண்ணத்தோட வரிசையில நிக்கி, நியாயம் பேசுதானாம் நியாயம், மொதல்ல அடிய நிப்பாட்டுல என்றான். பார்த்தீர்களா, உலகு வார்த்தையை உலகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தன் வார்த்தை மாதிரிச் சொல்கிறான். நேற்று வரைக்கும் தொடையைத் தட்டினவன் இவன். எப்போது மாறினான்? யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. கேட்டால், நான் அன்னைக்கிருந்தே அப்படித்தான அண்ணாச்சி சொல்லுதேன் என்பான், பொய்யென்று அவன் கண்ணில் ஒரு துளியும் இருக்காது. அவன் மட்டுமா? ரெண்டு மூணு வருசத்தில் பெஞ்சே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஒருத்தன் மாறினான், ரெண்டு பேர் மாறினார்கள், எல்லார் கையிலும் ஃபோன், ஃபோனில் அழுகிற முகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஐயாத்துரையே கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டே, என்ன இருந்தாலும் இது ரொம்ப ஓவரு என்றான். எந்த நாட்டிலோ எந்த மந்திரியோ பேச்சை மாற்றினான் என்று டிவியில் காட்டுகிறார்கள், அது பெரிய செய்தி. தெற்கு ரத வீதி பெஞ்சு பேச்சை மாற்றியதை எவன் காட்டினான்? இப்போது தனியாள் தவசிதான். அதுவும் பொய்யான தனியாள், உள்ளுக்குள்ளே எப்போதோ அந்தப் பக்கம் போய்விட்டு வெளியே இந்தப் பக்கம் காவல் காக்கிற தனியாள். வேடிக்கை என்னவென்றால் உலகுக்கு இந்த வெற்றி பிடிக்கவே இல்லை. ராமசுப்பு அவர் வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகும். இப்போதும் ஆனது, கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. தவசிக்குச் சிரிப்பு வந்தது. நுரைக்குள் சிரித்தால் மூக்கில் ஏறும். ஏறியது. தும்மல் வருமோ என்று பயந்து காலண்டரில் இருந்த மஞ்சள் கம்பெனி விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

அந்த வீடியோ மட்டும் வராமல் இருந்திருந்தால். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் கடையில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வந்தது. காசாவில் எடுத்தது, இடிந்த சுவர், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற கான்கிரீட், அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தாடி, அழுக்குச் சட்டை, தவசி வயசு இருக்கும். மடியில் தண்ணீர் மோட்டாரின் உள்கூடு. காயில் கட்டிக்கொண்டிருந்தான். மிஷின் கிடையாது, கையாலேயே சுற்றினான். எரிந்த மோட்டாரிலிருந்து உருவின பழைய கம்பிதான், அதையே நீவி நீவி நிமிர்த்தி, திரும்பவும் சுற்றினான். இடையில் வைக்கிற காகிதம் இல்லை போலிருக்கிறது, பால்பவுடர் அட்டையைக் கிழித்து மடித்துச் சொருகினான். அப்புறம் கம்பி முனையை வாயில் வைத்து, மேல்பூச்சு போகப் பல்லால் ஒரு சுரண்டு சுரண்டினான். அங்கேதான் தவசிக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பல்லால் சுரண்டக்கூடாது என்று பொன்னம்மாள் முப்பது வருசமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள், இந்தா இருக்கிறது முன்பல்லில் தேய்ந்த இடம். அதே இடத்தில், அதே பல்லால், தலையை அதே பக்கம் சாய்த்து. அடப்பாவி, நீ நம்ம ஆளுல்லா என்று சத்தமாகச் சொல்லிவிட்டார், கடையில் யாரும் இல்லை. கடைசியில் மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் கொட்டியது, சுற்றி நின்ற பிள்ளைகள் குதித்தார்கள், அந்த ஆள் சிரிக்கவில்லை, அடுத்த மோட்டாரை இழுத்து மடியில் வைத்தான். தவசி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ரசம் ஆறிப்போனது. நியாயம் யார் பக்கம் என்று அந்த ஆளிடம் போய்க் கேட்க முடியுமா? கேட்டால் பதில் வைத்திருப்பான், வைத்திருக்காமல் என்ன, ஆனால் அதைச் சொல்ல அவன் கை ஒழிய வேண்டாமா? அந்த மோட்டாரும் எரியாமல் இருக்க வேண்டுமானால் முதலில் அடி நிற்க வேண்டும். இஸ்ரேல் பக்கம் செத்தவர்களைத் தவசி மறந்துவிடவில்லை, பண்டிகை நாள் காலையில் வீடு புகுந்து கொன்ற செய்தி வந்த அன்றைக்கு அவருக்குத் தூக்கம் இல்லை, அதற்கு இன்றைக்கும் அவர் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் முதலில் எது, பிறகு எது என்கிற வரிசை மாறிவிட்டது. இருபது வருசமாக உலகு சொன்னது அந்த வரிசையைத்தான். உலகுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிசமே துடித்தது. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு கடையைவிட்டு இறங்கி, முக்கு வரைக்கும் போய், அங்கே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஏன் திரும்பினார்? இதுதான் இந்த ரெண்டு வருசமாகக் கிணற்றைச் சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வருகிற கேள்வி. மானம் போய்விடும் என்பதாலா? மானமாவது மண்ணாங்கட்டியாவது, மூக்கைப் பிடித்துத் தூக்கிச் சவரம் பண்ணிக்கொள்கிறவனுக்கு இந்தப் பெஞ்சுக்கு முன்னால் என்ன மானம்? ராமசுப்பு கேலி பண்ணுவான் என்பதாலா? அவன் கேலிக்குப் பயந்தால் உரம் வாங்கவே போக முடியாது. இல்லை, வேறு என்னமோ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று ஒரு பயம் வந்ததே, அதுவா? உலகும் சரி, தவசியும் சரி என்று ஆகிவிட்டால், ஆமா என்று உலகு சொல்லுவார், ஆமா என்று தவசி சொல்லுவார், அப்புறம்? அப்புறம் ஐயாத்துரை கடை ஃபேன் சத்தம்தான் கேட்கும். அந்த ஃபேனும் தவசி காயில் கட்டினதுதான், அதைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? பொன்னம்மாள் ஒரு நாள் சொன்னாள், மாவு பிசைந்துகொண்டே, ஏறெடுத்துப் பார்க்காமல்: "அவுகளோட பேசணும்னு ஆசையா இருந்தா போய்ப் பேசித் தொலைங்களேன். அதுக்கு எதுக்கு அடுத்த நாட்டுக்காரன இழுக்கீக?" தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய உலக விஷயத்தை இவள் குழாயடி விஷயமாக்குகிறாள் என்று கத்தினார். கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இப்போது நினைத்தால் எதற்கு அவ்வளவு கத்தினோம் என்று இருக்கிறது.

கத்தி இப்போது கீழிருந்து மேலாக ஏறியது, தோலை இழுத்துப் பிடித்து, கரகரவென்று. ஓசூரில் குளிரும் என்கிறார்கள். உலகுக்குக் குளிர் ஆகாது. பள்ளிக்கூட நாளிலேயே மார்கழியில் மூக்கு ஒழுகிக்கொண்டு, இவர் துண்டைப் பிடுங்கித் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஆள். அங்கே போய் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரோடு பேசுவார்? மகன் கம்பெனிக்குப் போய்விடுவான், மருமகள் கம்பெனிக்குப் போய்விடுவாள், சரசு டிவி பார்ப்பாள். மொதல்ல அடிய நிப்பாட்டு என்று சொன்னால், சரிப்பா என்று சொல்லிவிட்டு மகன் ஃபோனைப் பார்ப்பான். எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டாமா ஒரு மனுசனுக்கு? எதிர்த்துப் பேச ஆள் இல்லாவிட்டால் உலகு செத்தே போவார். சே, வாயில் வந்துவிட்டது பார், நல்லவேளை நுரை இருந்தது. சரி, சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும், புதன்கிழமை நிற்கவா போகிறது? சொல்லாவிட்டாலும் போவார், சொன்னாலும் போவார். ஆனால் சொல்லாமல் போகவிட்டால், தவசி என்றால் கடைசிவரைக்கும் அடியை நிப்பாட்டச் சொல்லாதவன் என்று நினைத்துக்கொண்டு அந்த மாடியில் உட்கார்ந்திருப்பார். அதைத் தாங்க முடியாது. எதைத் தாங்கினாலும் அதைத் தாங்க முடியாது. எப்படிச் சொல்வது? எழுந்து நின்றா, உட்கார்ந்தபடியா? சிரித்துக்கொண்டா? வீடியோவிலிருந்து ஆரம்பிக்கலாமா, இல்லை அது நீளம், நடுவில் ராமசுப்பு புகுந்துவிடுவான். நேராகச் சொல்லிவிட வேண்டும். ஐயாத்துரை படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்துத் தாடையில் தேய்த்தான். எரிந்தது. அந்த எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது, படிகாரத்தினால்தான், வேறு ஒன்றும் இல்லை. ஐயாத்துரை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். துணியை உருவி உதறினான். கை ரெண்டும் வெளியே வந்தது. வாயும் வெளியே வந்தது. இனி சாக்குச் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை.

அண்ணாச்சிக்குச் சவரம் முடிஞ்சிட்டு, இன்னைக்குப் பதில் சொல்லாம விடமாட்டாக என்று ராமசுப்பு சப்புக்கொட்டினான். தவசி நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. சுழல் நாற்காலி, காலை ஊன்றிப் பெஞ்சைப் பார்க்கத் திருப்பினார். கண்ணாடியில் பார்த்த ஆளை இப்போது நேரே பார்த்தார். உலகு கொஞ்சம் இளைத்திருந்தார்.

"உலகு சொன்னதுதான் சரி" என்றார் தவசி. "மொதல்ல அடி நிக்கணும். நியாயம் பொறவுதான்."

ஃபேன் சத்தம் கேட்டது. ராமசுப்பு தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினான், வந்துட்டாருய்யா வழிக்கு என்று சிரித்தான். ஐயாத்துரை கையில் துண்டோடு அப்படியே நின்றான், இருபது வருச வியாபாரம் கண்ணெதிரே கவிழ்ந்த மாதிரி. உலகு நெற்றியில் இருந்த கண்ணாடியை மெதுவாக மூக்குக்கு இறக்கி, தவசியை ஏற இறங்கப் பார்த்தார், எங்கே கோளாறு என்று தேடுகிறவர் மாதிரி. உலகு என்ற பேரை இந்தக் கடைக்குள் தவசி சொல்லி ரொம்பக் காலம் ஆகியிருந்தது, எப்போதும் பேர் சொல்லாமல்தான் பேச்சு.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் உலகு.

ரெண்டு வருசமாச்சு என்றார் தவசி. உலகு முகத்தில் ரத்தம் ஏறுகிறது தெரிந்தது. கண்ணாடி உடைந்த அன்றைக்கு இந்த மாதிரிதான் ஏறியது. சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தது தப்பு. ராமசுப்புவும் கை தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"ரெண்டு வருசமா? பொறவு எதுக்குல வாரா வாரம் எங்கூட மல்லுக்கு நின்ன? போன வாரங்கூட நின்னியேல. எனக்கு மாத்திரை போடுத அளவுக்குப் பேசினியே."

ரெண்டு வருசமாகச் சுற்றிச் சுற்றிவந்தும் கிடைக்காத பதில், மானம், கேலி, பிடிவாதம் என்று என்னென்னவோ பேர் வைத்துப் பார்த்தும் பொருந்தாதது, தேடாமலே தவசி வாய்க்கு வந்தது.

"நிக்கலேன்னா நீ எங்கூடப் பேசியிருப்பியால?"

ராமசுப்புவுக்குக்கூட ஏதோ புரிந்து முதல் தாளை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டான். உலகு நடுத்தாளை மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், இனி மடிக்க முடியாது என்றதும் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். தவசி நாற்காலியைவிட்டு இறங்கி வழிவிட்டார். வழக்கமென்றால் இந்த இடத்தில் கடைசியாக ஒரு குத்தலான பேச்சை எறிந்துவிட்டு, யார் முகம் துடைத்தாகிவிட்டதோ அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். மற்றவர் நாற்காலியில் ஏறுவார். தவசி பழக்கத்தில் வாசல்பக்கம் காலை வைத்தும்விட்டார். உலகு நாற்காலியில் உட்கார்ந்து, ஐயாத்துரை வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்ற வந்தபோது அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஏல, போயிராத. சவரம் முடிஞ்சதும் சேந்தே போவோம்."

தவசி கழற்றின இடத்திலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஐயாத்துரை நுரை போட ஆரம்பித்தான். உலகுக்கு இனி வாய் திறக்க முடியாது, பேச வேண்டியது தவசிதான். என்ன பேச? தொண்டையைச் செருமினார். உனக்குச் சர்க்கரை இப்ப எவ்வளவு இருக்கு என்று கேட்டார். நுரைக்கு மேலே உலகுவின் கண் ரெண்டும் கண்ணாடிக்குள் அவரைத் தேடி வந்து நின்றன. அசையாதீங்க அண்ணாச்சி என்றான் ஐயாத்துரை.